பட்டணத்தில் வழி கேட்க வெட்கம் ஏன்?

வேதாரண்யத்தில் இரவு பஸ் ஏறினால், விடியும் நேரத்தில் சென்னை வந்துவிடுகிறது.

ஓர் இரவுப் பயணம்தான். ஆனால் அந்த ஓர் இரவில் மனிதர் எப்படி மாறிப் போகிறார், பாருங்கள்!

மாலையில் அவர் தோப்புத்துறையில் இன்னார் மகன். ஆயக்காரன்புலத்தில் இன்னார் மருமகன். கடைத்தெருவில் பையோடு நின்றால் நான்கு பேர், "என்ன, பயணமா?" என்று கேட்பார்கள். பெட்டியைத் தூக்க ஒருவர் கை கொடுப்பார்.

காலையில் அவர் யாரோ ஒருவர். பெட்டியும் பையுமாக நிற்கும் கூட்டத்தில் ஒரு தலை. கேட்க ஆள் இல்லை.

பட்டணத்தில் புதிதாகக் குடியேறுகிறவர்கள் படும் கஷ்டம் கொஞ்சம் அல்ல. ஆனால் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். அந்தக் கஷ்டத்தில் பாதி, பட்டணத்தால் வருவது அல்ல. வெட்கத்தால் வருவது.

வழி கேட்க வெட்கம். "எனக்குத் தெரியாது" என்று சொல்ல வெட்கம். ஏமாந்து போனால், அதை வெளியே சொல்ல வெட்கம்.

இந்த வெட்கத்துக்குப் பட்டணத்தில் கொடுக்கும் விலை அதிகம்.

ஏன் வருகிறார்கள்?

"ஊரிலேயே இருந்தால் என்ன? கஞ்சியோ கூழோ குடிக்கலாமே!" என்று பெரியவர்கள் சொல்கிறார்கள்.

சொல்வது எளிது. 2018 நவம்பர் 16-ந் தேதி கஜா புயல் வேதாரண்யம் பக்கத்தில் கரை ஏறியது. தென்னை விழுந்தது. மா விழுந்தது. முந்திரி விழுந்தது. பிள்ளையைப் போல வளர்த்த மரங்கள் ஒரே இரவில் தரையில் கிடந்தன. தென்னங்கன்று வைத்தால், அது காய்க்க ஆண்டுக் கணக்கில் காத்திருக்க வேண்டும். வயிறு காத்திருக்குமா?

உப்பளம் இருக்கிறதே என்பார்கள். மழை வந்துவிட்டால் உப்பளத்தில் வேலை இல்லை.

எல்லோரும் கஷ்டத்தால் வருகிறார்கள் என்றும் சொல்ல முடியாது. மகள் கல்லூரியில் சேருகிறாள். மகனுக்குக் கம்பெனியில் வேலை கிடைக்கிறது. மருமகள் பட்டணத்தில் இருக்கிறாள். பேரக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். எப்படியோ, மூட்டை கட்டியாகிவிட்டது.

தாத்தா சொன்ன பஸ் நிலையம்

முதல் கூத்து, இறங்குகிற இடத்திலேயே தொடங்கிவிடுகிறது.

"பாரிமுனையில் இறங்கு. அங்கிருந்து எல்லா இடத்துக்கும் பஸ் உண்டு" என்று தாத்தா சொல்லி அனுப்புவார். அவர் காலத்தில் வெளியூர் பஸ்கள் பாரிமுனைக்குத்தான் வந்தன.

"அதெல்லாம் பழைய கதை. கோயம்பேட்டில் இறங்கு" என்று மாமா திருத்துவார். அவர் சொன்னதும் ஒரு காலத்தில் சரிதான். 2002-ல் கோயம்பேடு பஸ் நிலையம் திறந்தார்கள். 20 ஆண்டுகளுக்கு மேல் அதுதான் வெளியூர்க்காரர்களின் வாசல்.

பஸ் நிற்பதோ கிளாம்பாக்கத்தில்! 2023 டிசம்பர் 30-ல் அங்கே புதிய பஸ் நிலையம் திறந்தார்கள். தென் மாவட்டங்களிலிருந்து வரும் பஸ்களில் பெரும்பகுதி அங்கேயே நின்றுவிடுகிறது. வண்டலூர் மிருகக்காட்சி சாலைக்கும் முன்னால் இருக்கிறது அந்த இடம். கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக வரும் பஸ்ஸில் ஏறியவருக்கோ, இறங்கும் இடமே வேறு.

தாத்தாவும் பொய் சொல்லவில்லை. மாமாவும் பொய் சொல்லவில்லை. பட்டணம் இடம் மாறிக்கொண்டே இருக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது நம் ஊர்க்காரர் என்ன செய்கிறார்? பக்கத்தில் மாநகர பஸ்கள் வரிசையாக நிற்கின்றன. "தியாகராய நகருக்கு எந்த பஸ்?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். கேட்க மாட்டார். கேட்டால், வெளியூர் என்று தெரிந்துவிடுமாம்! கையில் இரண்டு பெட்டி, தோளில் ஒரு பை, தலையணை உறை நிறையப் பாத்திரம். இதைப் பார்த்தும் தெரியாதா, அவர் வெளியூர் என்று?

ஓர் ஆட்டோக்காரர் வந்து பெட்டியைத் தூக்குகிறார். "எவ்வளவு?" என்று கேட்கவும் வெட்கம். இறங்கும் இடத்தில் தெரிகிறது, எவ்வளவு என்று.

வீட்டம்மாள் பெயரில் இன்னொரு நஷ்டமும் சேருகிறது. 2021 மே மாதம் முதல், சாதாரணக் கட்டண மாநகர பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. வேதாரண்யத்து டவுன் பஸ்ஸில் அப்படித்தான் போய் வந்தாள். சென்னையில் எந்த பஸ் சாதாரணம், எந்த பஸ் சொகுசு என்று தெரியவில்லை. முகப்பில் இளஞ்சிவப்பு வர்ணம் பூசிய பஸ் என்றால் டிக்கெட் இல்லை என்று யாராவது சொல்லியிருந்தால், முதல் நாளே தெரிந்திருக்கும். யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

ஒரு தெருவுக்கு இரண்டு பெயர்

விலாசம் கண்டுபிடிப்பது அடுத்த கூத்து.

வேதாரண்யத்தில் ஒரு வீட்டைக் கண்டுபிடிக்க எண் வேண்டியதில்லை. பெயரைச் சொன்னால், ஒரு சிறுவன் முன்னால் ஓடி வாசலிலேயே விட்டுவிட்டு வருவான்.

சென்னையில் ஒரு வீட்டுக்கு இரண்டு எண். "பழைய எண் 37, புதிய எண் 14" என்று பலகையில் எழுதியிருக்கும். அதே தெருவில் இன்னொரு வீட்டில், "பழைய எண் 14" என்று இருக்கும். வந்தவர் வெறும் 14 என்று எழுதிக்கொண்டு வந்திருந்தால், அவர் பாடு திண்டாட்டம்தான். முன்பின் தெரியாதவர் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு நிற்பார்.

தெருவுக்கும் இரண்டு பெயர். கடிதத்தில் அண்ணா சாலை என்று இருக்கும். வாயில் மவுண்ட் ரோடு என்று வரும். அவ்வை சண்முகம் சாலை என்று பலகை இருக்கும். "ஓ, லாயிட்ஸ் ரோடா?" என்பார் பழைய ஆட்டோக்காரர். பெரியார் ஈ.வெ.ரா. சாலையை, பூந்தமல்லி நெடுஞ்சாலை என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இதில் புதியவர் மேல் என்ன தப்பு? ஒன்றுமே இல்லை. பழைய எண்ணை அழிக்க வேண்டியது மாநகராட்சியின் வேலை. பஸ் போகும் வழியைப் பெரிய தமிழ் எழுத்தில் எழுத வேண்டியது போக்குவரத்துக் கழகத்தின் வேலை. பஸ் எண்ணுக்குப் பின்னால் 'ஜி' என்றும் 'எக்ஸ்' என்றும் வால் ஒட்டிவிட்டு, "கட் சர்வீஸ், இறங்கு" என்றால், எம்.ஏ. படித்தவருக்கும் விளங்காது. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர் என்ன செய்வார்?

அப்படியிருக்க, தப்பு செய்தவர் போலத் தலை குனிகிறவர் புதியவர்தான். வேடிக்கை அல்லவா?

"வூட்ல சொல்லிகினு வந்தியா?"

சாலையைக் கடப்பது தனிச் சாகசம்.

வேதாரண்யத்தில் ஆடு கடந்தாலும் பஸ் நிற்கும். சென்னையில் ஆளே கடந்தாலும் நிற்காது. பயந்து பயந்து பாதிச் சாலைக்கு வந்த ஒருவரைப் பார்த்து லாரி டிரைவர், "இன்னா, வூட்ல சொல்லிகினு வந்தியா?" என்று கத்துகிறார்.

"சாகத்தான் வந்தாயா?" என்று அதற்குப் பொருள். ஊரிலிருந்து வந்தவருக்கு அது எப்படித் தெரியும்? யாரோ அக்கறையாக விசாரிக்கிறார் என்று நினைத்து, "சொல்லிட்டுத்தான் தம்பி வந்தேன்" என்று பதில் சொல்வார். டிரைவருக்கே சிரிப்பு வந்துவிடும்!

இது சிரிக்கும் விஷயம். சிரிக்க முடியாத விஷயமும் உண்டு.

பிள்ளைகள் ஒரே மாதத்தில் பட்டணத்துப் பேச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள். தாயாருக்கு அது வருவதில்லை. கடையில் அவள் வாய் திறந்தால், பக்கத்தில் நிற்கும் மகன், "அம்மா, நீ பேசாதே. நான் கேட்கிறேன்" என்கிறான். அவன் கெட்ட பிள்ளை அல்ல. அவனுக்கு வெட்கம். ஆனால் அன்றைக்கு வாயை மூடும் தாய், பிறகு திறப்பதே இல்லை.

வீட்டுக்காரர் வேலைக்குப் போய்விடுகிறார். நாலு பேரைப் பார்க்கிறார். ஊர் பழகிவிடுகிறது. அவளுக்கோ ஓர் அறை, ஒரு சமையல் மேடை, ஒரு ஜன்னல். ஊரில் கொல்லையில் இறங்கினால் மல்லிகை பறிப்பாள். பத்துப் பேரோடு பேசுவாள். அப்படிப்பட்டவளுக்கு ஓர் ஆண்டு ஆகியும் அடுத்த தெரு தெரியாது. இது பட்டணத்துக் குடித்தனம் அல்ல, சிறைவாசம்!

முதல் ஞாயிற்றுக்கிழமையே வீட்டம்மாளைத் தனியாகச் சந்தைக்கு அனுப்ப வேண்டும். வழி தவறட்டும். கேட்டுக்கொண்டு திரும்பி வரட்டும். சாமான் விலை இரண்டு ரூபாய் கூடப் போனால் போகட்டும்.

அழகாகத் தூங்கத் தெரியாத மேதை

கேட்பதற்கு வெட்கப்படுகிறவர்கள் ஒரு பெரிய மனிதரின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவரும் காவிரிக் கரையிலிருந்து போனவர்தான்.

கணித மேதை ராமானுஜன் கும்பகோணத்தில் வளர்ந்தார். கல்லூரித் தேர்வில் தேறவில்லை. கையில் காசு இல்லை. கணக்கு எழுதிய நோட்டுப் புத்தகம் மட்டும் இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு தெரிந்தவர், தெரியாதவர் வீட்டுக் கதவையெல்லாம் தட்டினார். 1910-ல் நெல்லூரில் கலெக்டராக இருந்த ராமச்சந்திர ராவைப் போய்ப் பார்த்தார். அவர் கொஞ்ச காலம் மாதம் 25 ரூபாய் கொடுத்து உதவினார். 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. 1913-ல், முகம் தெரியாத இங்கிலாந்துப் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். மறு ஆண்டு கேம்பிரிட்ஜுக்கே போய்விட்டார்.

கணக்குக்காக யாரிடமும் போய் நிற்க அவர் வெட்கப்படவில்லை. அதனால்தான் உலகத்துக்கு ராமானுஜன் கிடைத்தார்.

ஆனால் கேம்பிரிட்ஜில் நடந்ததைக் கேளுங்கள்.

அங்கே குளிர் அவரை வாட்டியது. ராத்திரியில் மேல்கோட்டுப் போட்டு, சால்வை சுற்றிக்கொண்டு படுத்தார். அப்படியும் நடுக்கம் நிற்கவில்லை. ஒரு நாள் அவருடைய அறைக்கு மகலனோபிஸ் வந்தார். பிற்காலத்தில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவியவர் அவர். அப்போது அங்கே படித்துக்கொண்டிருந்த மாணவர். "கம்பளி போதவில்லையோ?" என்று கட்டிலைப் பார்த்தார்.

கம்பளிகள் வேண்டிய மட்டும் இருந்தன! மெத்தை விரிப்புக்குக் கீழே அழகாகச் செருகி வைத்திருந்தார்கள். அவற்றை விலக்கி, உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது ராமானுஜனுக்குத் தெரியவில்லை. விரிப்புக்கு மேலேயே படுத்துக் குளிரில் வாடியிருக்கிறார். மகலனோபிஸ் கம்பளியைத் திருப்பிக் காட்டினார். ராமானுஜன் மனம் நெகிழ்ந்துவிட்டார்.

எண்ணிப் பாருங்கள். உலகமே திகைத்த கணக்கைப் போட்டவர், கட்டிலில் படுக்கும் விதம் தெரியாமல் குளிரில் நடுங்கினார். அது அவருக்குக் குறைவா? இல்லவே இல்லை. கும்பகோணத்தில் யாருக்கு வேண்டும் கம்பளி? ஓர் ஊரில் பிறந்தவருக்கு இன்னோர் ஊரின் வழக்கம் தெரியாது. அதற்கும் அறிவுக்கும் சம்பந்தம் இல்லை.

கொடுத்துப் பழகிய ஊர்

வேதாரண்யத்துக்காரர்களுக்கு இந்தக் கூச்சம் ஏன் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது?

1930-ம் ஆண்டு ஏப்ரல் 13-ந் தேதி ராஜாஜி, சுமார் 100 தொண்டர்களோடு திருச்சியிலிருந்து உப்பு எடுக்கப் புறப்பட்டார். நடந்தே வந்தார்கள். இவர்களுக்குச் சோறு போட்டாலும், தங்க இடம் கொடுத்தாலும் தண்டனை என்று அப்போது தஞ்சைக் கலெக்டராக இருந்த தார்ன் துரை உத்தரவு போட்டார்.

மக்கள் என்ன செய்தார்கள்? சோற்றுப் பொட்டலங்களை வழியோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள்! கொடுத்தவர் யார் என்று போலீசுக்குத் தெரியவில்லை. பசித்தவர்களுக்குச் சோறு கிடைத்தது. ஏப்ரல் 28-ல் படை வேதாரண்யம் வந்து சேர்ந்தது. அங்கே வேதரத்தினம் பிள்ளை முன்னின்று வரவேற்றார். 30-ந் தேதி ராஜாஜி உப்பு அள்ளிக் கைதானார்.

கேட்பதற்கு முன்னே கொடுத்த சீமை அது. அங்கே பிறந்தவருக்குக் கேட்டுப் பழக்கம் இல்லை. முகத்தைப் பார்த்தே பசியைத் தெரிந்துகொள்வார்கள் என்று எதிர்பார்க்கிறார். பட்டணத்தில் யாருக்கும் முகத்தைப் பார்க்க நேரம் இல்லை. வாயைத் திறந்து கேட்டால் சொல்கிறார்கள். கேட்காவிட்டால் போய்க்கொண்டே இருக்கிறார்கள். கல்நெஞ்சம் என்று அதைச் சொல்லக்கூடாது. அவர்களுக்கும் எட்டரை மணி பஸ் இருக்கிறது.

"பட்டிக்காட்டான் மிட்டாய்க் கடையைப் பார்த்தது போல" என்று கேலி செய்கிறவர்கள் உண்டு. அந்த மிட்டாய்க் கடைக்காரரைக் கேட்டுப் பாருங்கள், எந்த ஊர் என்று. அவரும் பெரும்பாலும் வந்தவராகத்தான் இருப்பார். 1639-ல் கம்பெனிக்காரர்கள் கடற்கரையோரம் இடம் வாங்கியது முதல், சென்னை வந்தவர்களால்தான் வளர்ந்தது. 1734-ல் நெசவாளர்களை வரவழைத்துக் குடிவைத்த இடம்தான் சிந்தாதிரிப்பேட்டை. சிரிக்கிறவரின் பாட்டனாரும் ஒரு நாள் மூட்டையோடு வந்து வழி தெரியாமல் நின்றவர்தான்.

யாரிடம் கேட்பது?

"எல்லோரிடமும் கேட்டால் ஏமாற்றிவிட மாட்டார்களா?" என்று பயப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. திருடனுக்கும் பட்டணம்தான் வசதி.

ஆனால் ஏமாற்றுகிறவன், கேட்கும்வரை காத்திருப்பதில்லை. தானாகவே வருவான். "வீடு பார்க்கிறீர்களா? வேலை வேண்டுமா?" என்று சிரித்துக்கொண்டு வருவான். அவனிடம்தான் எச்சரிக்கை வேண்டும். பூக்காரி, பெட்டிக்கடைக்காரர், கண்டக்டர், போக்குவரத்துப் போலீஸ்காரர் இவர்களெல்லாம் தங்கள் வேலையில் இருப்பவர்கள். இவர்களிடம் நாமாகப் போய்க் கேட்கலாம். ஒருவரிடம் கேட்டதை இன்னொருவரிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

வீட்டுக்காரரிடமும் கேட்க வேண்டும். பத்து மாத வாடகையை அட்வான்சாகக் கேட்டால், வாயை மூடிக்கொண்டு எண்ணிக் கொடுத்துவிடுகிறார்கள். ரசீது கேட்கக் கூச்சம். 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுப் பதிவு செய்யச் சொல்கிறது. இரு தரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொள்ளாவிட்டால், மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக்கூடாது என்றும் சொல்கிறது. காகிதத்தில் கையெழுத்துப் போடும் முன் இதை ஞாபகப்படுத்தினால் கௌரவம் குறைந்துவிடாது.

ரேஷன் கடையிலும் இதே கதை. கார்டு வேதாரண்யத்தில் இருக்கிறது என்று நினைத்து, வெளிக்கடையில் அரிசி வாங்கிச் சாப்பிடும் குடும்பங்கள் உண்டு. 2020 அக்டோபர் முதல், தமிழ்நாட்டில் எந்த ஊர் கார்டுக்கும் எந்த ரேஷன் கடையிலும் பொருள் வாங்கலாம். கார்டில் பெயர் உள்ளவர் போய் விரல் ரேகை வைக்க வேண்டும். அவ்வளவுதான்.

"சௌக்கியமா, தம்பி?"

எல்லாவற்றையும்விடப் பொல்லாத வெட்கம் ஒன்று பாக்கி இருக்கிறது.

இரவில் ஊரிலிருந்து தாயார் டெலிபோனில் கூப்பிடுகிறாள். "சாப்பிட்டியா தம்பி? சௌக்கியமா?"

"சௌக்கியம்மா" என்கிறான் மகன்.

அன்று காலைதான் அவன் ஏமாந்திருக்கிறான். செல்போனில் ஒரு வீட்டின் படத்தைப் பார்த்தான். பேசியவர் நல்ல மனிதர் போலப் பேசினார். "இன்னும் இரண்டு பேர் கேட்கிறார்கள். உடனே முன்பணம் அனுப்பினால் உங்களுக்கே" என்றார். செல்போனிலேயே பணத்தை அனுப்பினான். விலாசத்துக்குப் போய்ப் பார்த்தால், அப்படி ஒரு வீடே காலியாக இல்லை. அந்த டெலிபோனும் எடுக்கவில்லை.

இது எத்தனையோ பேருக்கு நடக்கிறது. ஆனால் ஒவ்வொருவரும், தான் ஒருவன்தான் முட்டாள் என்று நினைத்துக்கொள்கிறார். தாயாரிடம் சொல்வதில்லை. அறை நண்பனிடம் சொல்வதில்லை. போலீசிலும் சொல்வதில்லை. இரண்டு நாள் யோசித்து, மூன்றாம் நாள் கடன் வாங்குகிறார்.

அந்த இரண்டு நாளில்தான் பணம் கை மாறிக் காணாமல் போகிறது. உடனே சொன்னால், போன பணத்தை வங்கியிலேயே நிறுத்தி வைக்க வழி இருக்கிறது. இதற்கென்றே இந்தியா முழுவதற்கும் ஒரு டெலிபோன் எண் வைத்திருக்கிறார்கள். இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம். பணம் போன நேரம், போன தொகை, எந்த வங்கி என்று சொன்னால் எழுதிக்கொள்வார்கள்.

எண்ணை எழுதி வைத்துக்கொள்ளக்கூட வேண்டாம். வேதாரண்யத்துக்காரருக்கு அது தானாகவே ஞாபகம் வரும். உப்பு எடுத்த ஆண்டுதான் அந்த எண்: 1930.